ஃப்ளாப்பிக்கு வைத்த பொட்டு

கம்ப்யூட்டர் டீச்சராக வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று மாதத்தில் நான் கம்ப்யூட்டரைத் துடைத்திருக்கிறேன், துணி போட்டு மூடியிருக்கிறேன், அதன் முன்னால் நின்று வியர்த்திருக்கிறேன். இயக்கியது மட்டும் ரொம்பக் குறைவு. இதை எழுதும்போதுகூட உள்ளங்கை ஈரமாகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடி சேக்காட்டில் ஒரு தனியார் பள்ளி. என் கையில் ஆறு மாத டிப்ளமோ இருந்தது. அந்த இன்ஸ்டிடியூட்டில் ஒரு மெஷினுக்குப் பன்னிரண்டு பேர். கூச்சத்தில் கடைசியில் நின்று, ஆறு மாதமும் ஒருவனின் முதுகைப் பார்த்தே பாஸ் செய்தவள் நான். (அவன் சட்டையின் கட்டங்களைக் கேட்டால் இன்றும் எண்ணிச் சொல்வேன்.)

ஆனால் வேலை போகக்கூடாது. அப்பாவுக்கு ஃபேக்டரியில் ரிட்டயர்மெண்டுக்கு ஐந்தே மாதம். பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். என்னை நம்பித்தான் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளியின் கரஸ்பாண்டண்ட், அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் நிலம் வைத்திருந்த பழைய விவசாயக் குடும்பத்துக்காரர். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னாம்மா டீச்சர், விஜயதசமிக்கு அட்மிஷனுக்கு வர்றவங்க அத்தினி பேரும் கம்ப்யூட்டர் ஓடறத பாக்கணும். நல்லபடியா ஆச்சுன்னா உன்ன பர்மனெண்ட் பண்ணிடறேன்."

ஆகாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானே விதவிதமாகக் கற்பனை செய்துகொண்டேன்.

கம்ப்யூட்டர் என்றால் அவருக்கும் பயம். வைரஸ் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, அது காலோடு ஒட்டிக்கொண்டு வரும் என்று முடிவு கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று லேப் வாசலில் போர்டு மாட்டியிருந்தார். (நான் திருத்தியிருக்கலாம். எனக்கும் அப்படித்தான் நினைப்பு.)

எங்களிடம் மூன்று மெஷின்கள். தானாகக் கண் விழிக்கத் தெரியாதவை. ஃப்ளாப்பி என்ற சதுரமான கறுப்பு அட்டையைச் செருகினால்தான் உயிர் வரும். அந்த அட்டையில் நீள்வட்டமாக ஒரு திறப்பு உண்டு. உள்ளே பழுப்புத் தகடு பளபளவென்று தெரியும். எல்லா விஷயமும் அந்தத் தகட்டில்தான் இருக்கிறது, விரல்கூடப் படக்கூடாது என்று உறையிலேயே படம் போட்டிருந்தது. நான் உறையின் படத்தை எங்கே பார்த்தேன்?

சரஸ்வதி பூஜை அன்று லேபிலேயே சாமி படம் வைத்து, எல்லா டீச்சர்களும் புத்தகங்களை அடுக்கினார்கள். நான் மூன்று ஃப்ளாப்பிகளையும் கொண்டுபோய் சாமி படத்தின் முன்னால் வரிசையாக வைத்தேன். சும்மா வைக்க மனம் வரவில்லை. அந்தத் திறப்பு, பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் மாதிரி இருந்தது. சந்தனத்தைக் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். மூன்றுக்கும்தான். ரொம்ப லட்சணமாக இருந்தன.

மறுநாள் காலை லேப் நிறையப் பெற்றோர்கள், புதுச் சட்டையில் குழந்தைகள். முதல் ஃப்ளாப்பியைப் புடவைத் தலைப்பில் துடைத்துச் செருகினேன். கர்ர்... கர்ர்... என்று அம்மி அரைக்கும் சத்தம். டிஸ்க் சரியில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. இரண்டாவது மெஷின், அதே வரி. மூன்றாவதும் அதுவே.

கண் முன்னால் அப்பா, ஒரு டிரங்குப் பெட்டி, நடுத்தெரு.

பின்னாலிருந்து ஒரு தகப்பனார், "பாத்தியாடா கண்ணு, கம்ப்யூட்டர் இங்கிலீஷ்ல எழுதுது!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கரஸ்பாண்டண்ட் மட்டும் தட்டவில்லை. அவர் முகம் வெளிறியிருந்தது.

"டீச்சர், கொஞ்சம் வெளிய வா."

வராந்தாவுக்குப் போனேன். தீர்ந்தது கதை, எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார்:

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. நேத்து பூஜை முடிஞ்சி நீங்கல்லாம் போனப்புறம், ஏரிப் பக்கம் கொல்லைலருந்து வந்துகினு இருந்தேன். பொட்டெல்லாம் எப்டி கீதுன்னு பாக்கலாம்னு செருப்போடயே உள்ள பூந்துட்டேன். ரெண்டே நிமிசம்மா. வைரஸ் ஏறிக்கிச்சா?"

என் தப்பு சார் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. கூடவே டிரங்குப் பெட்டியும் வந்தது.

"பாக்கணும் சார்" என்றேன்.

அம்பத்தூரிலிருந்து இன்ஜினியர் வந்தார். மெஷினைத் திறந்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உள்ளே துடைத்தார். பஞ்சு சிவப்பாக வந்தது.

"செம்மண்ணு!" என்று தலையில் கை வைத்தார் கரஸ்பாண்டண்ட். "எங்க கொல்ல மண்ணும்மா இது!"

இன்ஜினியர் பஞ்சை முகர்ந்து பார்த்தார். "சந்தன வாசனை வருதே சார்?"

"பூஜை பண்ண எடத்துல மிதிச்சிருப்பேன்பா."

இன்ஜினியர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவர் வேறு எதுவும் பேசாமல் புதிதாக மூன்று ஃப்ளாப்பிகள் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர்.

அந்த வாரமே பர்மனெண்ட் ஆர்டர் வந்தது. குடும்பத்துக்கு வீடும் கிடைத்தது. கரஸ்பாண்டண்ட் மட்டும் அதன் பிறகு லேபுக்குள் காலடி வைக்கவில்லை. ஆசை ஆசையாகக் கட்டிய லேபை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்ப்பார். எனக்கு அவமானமாக இருக்கும். ஆனால் சொல்லிவிடும் அளவுக்கு அவமானமாக இல்லை.

பூந்தமல்லியில் நடந்த என் கல்யாண ரிசப்ஷனுக்கு சஃபாரி சூட்டில் வந்தார். மேடைப் படியில் கால் வைத்தவர், வீடியோ கேமராவையும் அதன் வயர்களையும் பார்த்துச் சட்டென்று நின்றார். திரும்பிப் போய் மண்டப வாசலில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு மேடையேறி எங்களை வாழ்த்தினார். ஏன் என்று கணவர் கேட்டதால்தான் இந்தக் கதை வீட்டுக்குள் வந்தது.

இன்றும் அந்த வீடியோ ஓடும்போதெல்லாம் என் மகள் அந்த இடத்தில் நிறுத்துவாள். "அம்மா, இப்பவாவது போன் போட்டு சொல்லிடும்மா. பாவம்."

போன தீபாவளிக்குப் போட்டேன். "யாரு, கம்ப்யூட்டர் டீச்சரா? நல்லா கீறியாம்மா?" என்றார்.

"நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் கணவரும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஆர்டர கேன்சல் பண்ணிடுவாரும்மா, சொல்லிடாத!" என்றாள் மகள்.

எனக்கு நிஜமாகவே அந்தப் பயம்தான்.