கிடை போட்ட வயலில் ஒரு புழுக்கையும் இல்லை

இருநூறு செம்மறி ஆடுகளுக்கு ஒரே சமயத்தில் மலச்சிக்கல் வரவைத்தவள் நான். இதை நான் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. என் வீட்டார் சொல்லிவிடுகிறார்கள்.

அப்பா மஸ்கட்டில் இருந்த காலம். திருவாரூருக்குத் தெற்கே எங்களுக்கு இருந்த ஆறு மா வயலை அம்மாதான் பார்த்துக்கொண்டாள். நான் தாவரவியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு விசாவுக்குக் காத்திருந்தார்கள். யாராவது என்னிடம் ஒரு சந்தேகம் கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்தேன். (ஒருத்தரும் கேட்கவில்லை. பதில் மட்டும் நிறைய வைத்திருந்தேன்.)

அறுப்பு முடிந்த சித்திரையில் மூக்கையா வந்தார். ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரி. ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு கோடை முழுக்க எங்கள் பக்கம் சுற்றுவார். இரவில் வயலுக்குள் பட்டி கட்டி ஆடுகளை அடைத்தால், விடிவதற்குள் அவை போடும் புழுக்கைதான் அடுத்த நெல்லுக்கு உரம். அதற்குப் பேர் கிடை. எங்கள் வயலில் மூன்று ராத்திரி, அடுத்தது பக்கத்து வயல் ராயப்பன் சித்தப்பாவுக்கு என்று பேச்சு. மூக்கையா கிடை என்றால் ஏமாற்று இருக்காது என்று ஊரில் அவருக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை வைத்துத்தான் அவர் பிழைப்பு.

முதல் நாள் காலை பட்டி கட்டிய மூலை நிறையப் புழுக்கை. அம்மா சந்தோஷமாகத் தரங்கம்பாடிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனாள். மூக்கையாவுக்குத்தான் முகம் சரியில்லை.

"நாலஞ்சு ஆடு சொணங்கிக் கெடக்கு தாயி. கொளத்தோரப் பச்சையத் தின்னு வயித்துல பூச்சி வச்சிருச்சு. டவுனுக்குப் போயி மருந்து வாங்கியாரணும்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. முந்தின வாரம்தான் ஒரு விவசாயப் பத்திரிகையில் படித்திருந்தேன். கருவேலந்தழையிலும் காயிலும் இருக்கும் துவர்ப்புச் சத்து ஆட்டின் குடற்புழுவை அடக்குமாம்.

"மருந்தெல்லாம் எதுக்குங்க? கருவேலந்தழையே போதும்."

"கருவ நாங்களும் விடுறதுதான். போற போக்குல ரெண்டு வாய் கடிச்சிட்டுப் போகும். அதையே தீனியாப் போடுறதில்ல தாயி."

"அது உங்க பழக்கம். இது ஆராய்ச்சி."

(இதை இப்போது எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.)

மற்ற தீனியோடு கொஞ்சமாகக் கலந்து கொடுக்கவேண்டும் என்று அந்தக் கட்டுரையிலேயே போட்டிருந்தது. படிக்காமல் இல்லை. கொஞ்சமே நல்லது என்றால் நிறைய இன்னும் நல்லதுதானே என்று நானாக முடிவு செய்தேன். கிடை போடச் சொன்ன வீட்டுப் பெண் சொல்லும்போது மனுஷர் எவ்வளவுதான் மறுப்பார்? அம்மா ஊரில் இல்லாத இரண்டு நாளும் பகலில் மேயவிடாமல் ஆடுகளைத் தோப்பில் மடக்கி, கருவேலந்தழையும் காயுமாகக் கொட்டினோம். போதாததற்கு எங்கள் கொல்லைக் கொய்யாமரத்தையும் மொட்டையடித்தேன். அதுவும் துவர்ப்புதானே. வீட்டில் யாருக்காவது வயிற்றால் போனால் அம்மா கொய்யாக் கொழுந்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்துத்தான் நிறுத்துவாள். அது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். பட்டம் வாங்கியதும் மறந்துவிட்டது போலிருக்கிறது.

மூன்றாம் நாள் காலை அம்மா கல்யாணச் சேலையோடு நேராக வயலுக்கு வந்தாள். முதல் நாள் மூலையைத் தவிர மற்ற வயல் பெருக்கிவிட்ட வாசல் மாதிரி இருந்தது.

"ராத்திரி ஆட்ட எங்க கொண்டுபோயி அடைச்சீங்க மூக்கையா?"

"இங்கனதாம்மா கெடந்துச்சு."

"இங்க கெடந்தா புழுக்கை எங்க? ஆடு என்ன விரதமா இருந்துச்சு?"

ராயப்பன் சித்தப்பா வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இப்படின்னா எனக்குக் கிடையே வேணாம்ப்பா. ஊர்ல மத்தவங்ககிட்டயும் சொல்லிடுறேன்," என்றார்.

மூக்கையா என்னை ஒரு தடவை பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. நானே சொல்வேன் என்று நினைத்திருப்பார். நான் குளத்தில் நின்ற ஒரு கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கொக்கை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

எல்லோரும் போனபின் தோப்புக்குப் போனேன். ஆடுகள் முதுகை வளைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றன. மூக்கையா திட்டவில்லை. "எண்ணெ வேணும் தாயி," என்றார். வீட்டிலிருந்த நல்லெண்ணெய் டின்னைத் தெரியாமல் தூக்கிவந்தேன். தாளிக்க எண்ணெய் தேடிய அம்மா, தேடிக்கொண்டே தோப்புவரைக்கும் வந்துவிட்டாள். அப்போது நான் ஒரு ஆட்டைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மூங்கில் குழாயில் எண்ணெய் புகட்டிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் இலையில்லாத கருவேலங்கிளைகள். யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

"அடிப் பாவி," என்றாள் அம்மா. பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டுவந்து, அவர் முன்னாலேயே மூக்கையாவிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"பாப்பா நல்லதுக்குத்தாம்மா செஞ்சுச்சு," என்றார் அவர். அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அப்போதும் நான் அழுதேனே தவிர வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிய இருநூறு ஆடுகளும், இரண்டு நாள் சேர்த்து வைத்ததை எல்லாம் ஒரே சமயத்தில் இறக்கிவைத்தன. கிடையே வேண்டாம் என்ற ராயப்பன் சித்தப்பாவின் வயலில். எங்கள் வயலுக்கு அந்த வருஷம் மூட்டை உரம்தான்.

அம்மா இதையெல்லாம் கேசட்டில் பேசி அப்பாவுக்கு அனுப்பினாள், நான் கொக்கைப் பார்த்துக்கொண்டு நின்றது உட்பட. அப்பாவிடமிருந்து வந்த கேசட்டில் முதலில் ரொம்ப நேரம் அவரோடு அறையில் தங்கியிருந்த எட்டுப் பேரின் சிரிப்புதான் கேட்டது. கடைசியில் அப்பா குரல்: "எல்லாம் சரிம்மா. அம்மா மன்னிப்புக் கேட்டா. நீ கேட்டியா?"

கேட்கவில்லை. அதற்குள் மந்தை ஊரைவிட்டுப் போயிருந்தது.

அடுத்த சித்திரையில் மூக்கையா வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுக் குளத்துமேட்டுக்கு ஓடினேன். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே அவர் கம்பைச் சுழற்றி மொத்த மந்தையையும் அந்தப் பக்கம் திருப்பினார்.

"அங்கனயே நில்லு தாயி. என்ன சொல்லணுமோ அங்கன இருந்தே சொல்லு."

மன்னிப்பை ஒரு வயல் தூரத்திலிருந்து கத்திக் கேட்டேன். வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "சரி தாயி," என்றார் மூக்கையா. ஆனால் ஆட்டைத் திரும்ப என் பக்கம் விடவில்லை.

இப்போதும் நான் கீழாநெல்லி, ஆவாரம்பூ என்று எதையாவது படித்துவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தால் கணவர் சொல்வார், ஷார்ஜாவிலிருந்து மகள் போனில் சொல்வாள்: "அங்கனயே நில்லு தாயி." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர்களுக்கு அது ஆட்டுக்கதை. எனக்கு, அம்மா அந்த மனுஷரைத் திருடனைப்போல் நிறுத்திக் கேட்ட காலையில், ஓரடிகூட முன்னால் வராமல் நான் அங்கனயே நின்ற கதை.