ஜெயித்துக்கொண்டே இருந்த ஷுக்ரி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பதுளையில் எங்கள் பக்கத்து வீட்டு றிப்தா சொன்னது. அவள் சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கழித்த பிறகும் இவ்வளவு மிஞ்சியது.

றிப்தாவின் அக்கா ஜெனீரா. அக்காவின் கணவர் ஷுக்ரி, பஸாரில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார். அவர்கள் வீட்டு முன்னறைக்குப் போட்டி. அங்கே தையல் வகுப்பு நடத்த வேண்டும் என்பது ஜெனீராவின் ஆசை. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்துகூடப் பிள்ளைகள் வரத் தயார். அங்கே வாளி அடுக்க வேண்டும் என்பது ஷுக்ரியின் முடிவு. வாளிகள் ஏற்கெனவே கதவு வரை வந்துவிட்டன.

"செஸ் ஆடித் தீர்ப்போம்" என்றார் ஷுக்ரி.

"சமநிலையா முடிஞ்சா?"

"அறை உனக்குத்தான் புள்ள. நான் ஜெயிச்சா மட்டும் வாளிக்கு."

இந்தத் தாராளத்துக்குக் காரணம் மேசைக்குக் கீழே, அவர் உடுத்திருந்த சாரத்தின் மடியில் இருந்தது. ஃபோன். அதற்குள் உலக சாம்பியன்களையே தோற்கடிக்கும் செஸ் செயலி.

ஒவ்வொரு நகர்வுக்கும் ஷுக்ரி குனிந்தார்.

"என்னங்க, கீழ என்ன?"

"லொறிக்காரன் மெசேஜ் போடுறான்."

"லொறி எங்க நிக்குது?"

"அப்புத்தளையில. ஒரே பனி."

"பாவம். யோசிச்சு யோசிச்சு வாரான் போல."

காய்கள் குறைந்தன. ஷுக்ரியின் ராணியும் யானையும் சேர்ந்து ஜெனீராவின் ராஜாவை நெருக்கின. அப்போது அவள் தன் ராணியால் அந்த யானையை வெட்டினாள். ஷுக்ரியின் ராணி பக்கத்திலேயே நின்றது.

"ராத்தா! ராணி போகுது!" பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த றிப்தா அக்காவிடம் அலறினாள்.

"போகட்டும்."

"தையல் மெஷின யாருக்குக் குடுக்கப் போற?" என்றார் ஷுக்ரி.

ஃபோனும் வெட்டச் சொன்னது. வெட்டினார். இப்போது அவரிடம் ராணி. ஜெனீராவிடம் ஒரு யானை, ஒரே ஒரு சிப்பாய். வெற்றி ஷுக்ரிக்கே என்றது ஃபோன்.

ஜெனீராவின் ராஜா சிப்பாயை ஒட்டி நின்றது. யானை அந்தச் சிப்பாயின் காவலில் இரண்டே கட்டங்களுக்கு இடையில் போனது, வந்தது. ஷுக்ரியின் ராணி சுற்றோ சுற்றென்று சுற்றியது. அவருடைய ராஜாவுக்கு உள்ளே நுழைய வழியில்லை. ஃபோன் மட்டும் உற்சாகம் குறையாமல், ஜெயிக்கிறீர்கள், ஜெயிக்கிறீர்கள் என்றது.

"லொறி இன்னும் அப்புத்தளையிலயா?"

"வந்துக்கிட்டே ஈக்கி."

எதுவும் வெட்டுப்படாமல், சிப்பாயும் நகராமல் ஐம்பது நகர்வு போனால் ஆட்டம் சமம். போனது.

"ஃபோன மேல வைங்க" என்றாள் ஜெனீரா. "நீங்க கடைக்குப் போனதும் நானும் அதே செயலியோடதான் ஆடுறேன். தினமும் தோப்பேன். ஆனா ஒண்ணு புடிச்சேன். அதுவும் உங்கள மாதிரிதான். சாமான் கூட வச்சிருக்கிறவன் ஜெயிச்சான்னு நெனைக்கும். கதவு பூட்டிக் கெடக்கிறது வெளங்காது."

"அப்ப என்ட வாளியெல்லாம்?"

"கட்டில்ல உங்க பக்கம் நல்ல இடம் ஈக்கி."

முன்னறையில் இப்போது தையல் மெஷின் ஓடுகிறது. அது நானே கேட்ட சத்தம். ராணி கதையில்தான் சந்தேகம் தீரவில்லை. றிப்தாவிடம் கேட்டு, கடைசி நிலையை என் ஃபோனில் அடுக்கிப் பார்த்தேன்.

ஷுக்ரி ஜெயிக்கிறார் என்றுதான் இன்னமும் சொல்கிறது.