நொச்சிப் புகையில் போன வார்டு

சேலையூர்,
20-10-1996

பெருமதிப்புக்குரிய மச்சான் சிட்டிபாபு அவர்களுக்கு, சம்பந்தம் எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை நாகலக்ஷ்மியும் ஏரிக் கொசுக்களும் சுகம். கொசுக்கள் கொஞ்சம் கூடுதல் சுகம். வேலூரில் அனைவரின் சுகமும் அறிய ஆவல். மரியாதை முடிந்தது. இப்போது கேட்கிறேன், நீங்க நல்லா இருப்பீங்களா?

ஆடியில் வந்திருந்தபோது நீங்கள்தானே சொன்னீர்கள், நொச்சி இலையையும் துளசியையும் வேப்பெண்ணெயில் காய்ச்சி, கற்பூரம் கரைத்துப் பூசினால் கொசு அண்டாது என்று? காய்ச்சினேன். வெந்நீர்த் தவலை பாழாயிற்று, உங்கள் தங்கை என்னோடு பேசுவதை நிறுத்தினாள், ஆனால் கொசு அண்டவில்லைதான். மின்சார ரயிலில் ஆளும் அண்டவில்லை. பல்லாவரம் வரை காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போனேன். ரிட்டயர் ஆன மனுஷன் அதோடு சும்மா இருந்திருக்கலாம். இந்த மருந்து ஊருக்கே கிடைக்க வேண்டாமா என்று நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டுக்குச் சுயேச்சையாக நின்றுவிட்டேன். "வீட்டுக்கு வீடு நொச்சி, கொசுவுக்கு ஏது கட்சி?" என்று நானே சுவரில் எழுதினேன். மூலிகைக்காரனான எனக்குக் கிடைத்த சின்னம் என்ன தெரியுமா? மின்விசிறி! போன இடமெல்லாம், "அப்ப ஃபேன் போட்டாலே போதுமே சார்?" என்று கேட்டார்கள்.

என்னை எதிர்த்து நின்றவர் கேம்ப் ரோட்டில் இட்லிக் கடை வைத்திருக்கும் பச்சையம்மா. அவர் கொசுவைப் பற்றிப் பேசவே இல்லை. "லைட்டு எரியல, தண்ணி வரல, அத்த கேக்க என்னிய அனுப்பு," அவ்வளவுதான்.

பிரசாரத்தின் கடைசி நாள் சாயங்காலம் பிள்ளையார் கோயில் தெருவில் என் கூட்டம், பக்கத்துத் தெருவில் அவர் கூட்டம். நான் மேடையைச் சுற்றித் தார் டின்களில் நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கொளுத்தினேன். புகை எழுந்தது, ஒரு கொசு இல்லை. ஜனங்கள் சுகமாகக் காலை நீட்டி உட்கார்ந்தார்கள், சிலர் தூங்கியே போனார்கள். நான் நொச்சியின் வேர், இலை, பூ என்று விளக்கிக்கொண்டிருக்கிறேன், ஒருத்தன் கையை அசைக்கவில்லை. இங்கிருந்து கிளம்பிய கொசு எங்கே போகும், மச்சான்? மொத்தமாகப் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. பச்சையம்மா மைக்கைப் பிடித்ததுதான் தாமதம், பட் பட் பட் பட்டென்று அங்கே அவனவன் கன்னத்திலும் தொடையிலும் பக்கத்து ஆள் முதுகிலும் அடிக்கிறான், கேட்கிற எங்களுக்கோ அது கைதட்டல்! என் கூட்டம் விழித்துக்கொண்டது. "இன்னாபா, அந்தம்மா இன்னாவோ சூப்பரா பேசுது போல, கைதட்டு பிச்சுகினு போவுது!" என்று ஒருவன் எழுந்தான், பின்னாலேயே முன்வரிசை போச்சு, அப்புறம் மைக்செட்டுக்காரன். என் தேர்தல் ஏஜென்ட் சவுரிமுத்து, "இன்னான்னு பாத்துட்டு வந்துர்றேன் சார்" என்று போனவன், அங்கேயே உட்கார்ந்து அவனும் தட்ட ஆரம்பித்துவிட்டான். நானும் புகையும் மட்டும் பாக்கி. அந்நேரம் ஒரு கொசுவாவது என்னைக் கடித்திருந்தால், துணைக்கு ஓர் உயிர் இருக்கிறதென்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பச்சையம்மா ஜெயித்தார். என் வீட்டு வாசலில்தான் சரவெடி. தவலையைக் கவிழ்த்தேன், கொல்லையில் நட்டிருந்த நொச்சியை வேரோடு பிடுங்கினேன். இனி இந்த வீட்டில் மூலிகைப் பேச்சே கிடையாது. தீபாவளிக்கு வருவதானால் கொசுவத்திச் சுருளோடு வாருங்கள், இலை தழையோடு வந்தால் கேட் திறக்காது.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், தேர்தலில் தோற்றவன் ஆசி பலிக்குமா தெரியவில்லை, இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்களால் இந்தக் கதிக்கு ஆளான
சம்பந்தம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் பச்சையம்மாவே வந்துவிட்டார். கையெல்லாம் சொறிந்த தழும்பு. "சார், மனசுல ஒண்ணும் வச்சுக்காத. உன் மருந்து மெய்யாலுமே கேக்குது. அத்தினி கொசுவும் எங்க கூட்டத்துல வந்து பூந்துச்சே, நானே சாட்சி! தெருவுக்குத் தெரு நொச்சி வெக்கலாம், நீதான் கூட நின்னு செய்யணும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், "சரிம்மா" என்று வந்துவிட்டது. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாகக் கொண்டு, நடுவதற்கு நல்ல நொச்சிக் குச்சிகள் ஒரு கட்டு உடனே லாரியில் அனுப்பவும். புறப்படும்போது அவர் அடுக்களைக்குள் தலையை நீட்டி, "அக்கா, சொன்ன மாரியே போட்டுட்ட, மறக்கமாட்டேன்" என்றார். காபிக்குச் சர்க்கரை போட்டதைத்தான் சொல்கிறார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அவர் இங்கே காபியே குடிக்கவில்லை, மச்சான்.