போட்டோவுக்கு மேட்ச் ஆன தகர பஸ்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டு வாடிக்கையாளர் அப்ரூவல் செய்த சாம்பிள்தான் அவனுக்கு வேதவாக்கு. சரக்கு அதற்கு மேட்ச் ஆகவில்லையென்றால், சரக்கைத்தான் சரிசெய்வான். எக்ஸ்போர்ட் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரான எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது.

கல்யாணமான புதிது. திருப்பூர் ராயபுரத்தில் இருந்த என் மாமனாரிடம் ஒரு தகர பஸ் பொம்மை இருந்தது. அவர் சின்ன வயதில் விளையாடியது; சாவி கொடுத்தால் ஓடும். "கம்ப்யூட்டர்ல பழைய சாமானெல்லாம் விக்கறாங்களாமே மாப்ளை. நல்லா வெச்சுக்கற ஆளாப் பார்த்துக் குடுங்க" என்று என்னிடம் ஒப்படைத்தார். மாமனார் சொன்ன முதல் வேலை. நல்ல பெயர் வாங்கியே தீருவது என்று கிளம்பினேன்.

படம் எடுத்துப் பார்த்தால் கூரையெல்லாம் துரு, பக்கவாட்டில் சிவப்பு உரிந்திருந்தது. கேட்டலாக் படத்தில் டி-ஷர்ட் கறையை அழிக்கிற எங்கள் கம்பெனி டிசைனர், துருவையும் அழித்துக் கொடுத்தார். ஏல இணையதளத்தில் போட்டேன். பழைய பொம்மைகள் சேகரிக்கும் கோவைக்காரர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாக எழுதினார்.

அப்போதுதான் உறைத்தது. படத்தில் இருக்கிற பஸ் வேறு, மேஜையில் இருக்கிற பஸ் வேறு. புத்தியுள்ளவன் படத்தை மாற்றியிருப்பான். நான் பஸ்ஸை மாற்றினேன். துருவைத் தேய்த்தெடுத்து, படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஷேடு பிசகாமல் பெயிண்ட் அடித்தேன்.

"ஏனுங்க, அப்பாவை ஒரு வார்த்தை கேக்கலீங்களா?" என்றாள் மனைவி.

"உனக்கு எக்ஸ்போர்ட் தெரியாது" என்றேன். (என்ன திமிர் பாருங்கள்!)

கோவைக்காரர் மாமனார் வீட்டுக்கே வந்தார். மாமனார் முன்னிலையில் பஸ்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"அப்படியே படத்துல பார்த்த மாதிரியே இருக்குதுங்க."

நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

"இத்தனை வருசப் பொம்மைல துரு இல்லாமயா இருக்கும், படந்தான் சரியில்லைன்னு நெனச்சு வந்தனுங்க. அந்தத் துருவும் பழைய பெயிண்டும்தானுங்க எங்களுக்கு வேணும். புதுசுன்னா கடையிலயே கெடைக்குதுங்களே" என்றவர், விரலில் ஒட்டிய சிவப்போடு காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. மாமனாரோ பஸ்ஸுக்குச் சாவி கொடுத்துத் தரையில் விட்டார். ஓடியது.

"இங்கயே கெடக்கட்டும் மாப்ளை. எனக்கும் குடுக்க மனசில்லீங்க" என்று சிரித்தார். எனக்குப் போன உயிர் வந்தது.

பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அடுத்த வருடம் என் மச்சினிக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளையின் போட்டோ வந்தது. நேரில் முன்மண்டையில் முடி கொஞ்சம் கம்மி என்று யாரோ சொன்னார்கள். மாமனார் பதறிப்போய் எழுந்தார்.

"நம்ம மாப்ளையை அந்தப் பையன்கிட்ட விட்டுராதீங்க சாமி! போட்டோவுக்கு மேட்ச் ஆகோணும்னு மண்டைக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிச்சுருவாரு!"

அந்தப் பையன்தான் இப்போது என் சகலை. என்னைக் கண்டால் இன்றும் தலையைப் பொத்திக்கொள்கிறார்.