செருப்புப் பலகைக்கு விழுந்த கும்பிடு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்கள் தயங்கினேன். எழுதினால் சாமி குற்றம் ஆகிவிடுமோ என்ற பயம் பாதி. மீதிப் பாதி, இருக்கிற கொஞ்சநஞ்ச மானமும் போய்விடுமே என்ற பயம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைக் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் சின்னதாகப் பூஜை சாமான் கடை வைத்திருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சாயங்காலத்தில் பாடம் சொல்லித்தர அரசாங்கத்து எழுத்தறிவுத் திட்டத்தில் ஆள் தேடினார்கள். சம்பளம் கிடையாது. அண்ணாமலையார் கொடுத்த வேலை என்று ஒத்துக்கொண்டேன். (நாலு பேர் வாத்தியாரே என்று கூப்பிடுவார்கள் என்ற ஆசையும் இருந்தது. அவருக்குத் தெரியாததா?) எங்கள் தெரு அம்மன் கோயில் மண்டபத்தில் பதினொரு பெண்கள் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி என் மனைவி பச்சையம்மாள்.

இன்னொருவர் முனியம்மா அக்கா. ஒரே மகளைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்திருந்தார். மகளிடமிருந்து கடிதம் வந்தால் என் கடைக்குக் கொண்டுவந்து நீட்டுவார். நான் வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி படிப்பேன். வகுப்பில் சேர்ந்த அன்றே அவர் சொன்னார்:

“தம்பி, எம்பொண்ணு எப்பப் பாத்தாலும் நல்லாயிருக்கேன்னே எழுதறா. நீ படிப்பேன்னு அவளுக்குத் தெரியும். நானே படிக்கிறேன்னு தெரிஞ்சா நெசத்த எழுதுவா.”

கொடுத்த பாடப் புத்தகத்தை விரித்தால் பாதிப் பேர் தூங்கினார்கள். பகலெல்லாம் வேலை செய்த உடம்பு. அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. மாதாமாதம் கிரிவலம் போகிறவர்கள்தானே, வழியில் ஒவ்வொரு லிங்கத்துக்கும் பெயர்ப் பலகை இருக்கிறதே, அதையே பாடமாக்கினால் என்ன? ஆக்கினேன். இரண்டே வாரத்தில் அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம் என்று எல்லோரும் கடகடவென்று படித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வகுப்பு படிக்கத் தொடங்கிவிட்டது என்று மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

பச்சையம்மாள் மட்டும் தேறவில்லை. பலகைக்கு முன்னால் நின்று உதட்டை அசைத்துக்கொண்டே இருப்பாள். ஊரே படிக்கும்போது வாத்தியார் பெண்டாட்டி இப்படி நிற்கலாமா என்று எல்லோருக்கும் எதிரில் ஒருநாள் கடிந்துகொண்டேன். “பாத்துதானே படிக்கணும்” என்றாள். சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

வகுப்பைப் பார்க்க ஓர் அம்மா வந்தார், அதிகாரி. நன்றாக நடந்தால் தொடரும். இல்லையென்றால் புத்தகமும் சிலேட்டும் வேறு தெருவுக்குப் போய்விடும். காலை நேரம். எல்லோரையும் கிரிவலப் பாதையில் அழைத்துப் போனேன். அக்னி லிங்கத்தில் கணீரென்று படித்தார்கள். எம லிங்கத்திலும் அப்படியே. நிருதி லிங்கத்துக்கு வந்ததும் நீலப் பலகையைக் காட்டி, “படிங்க” என்றேன்.

“நிருதி லிங்கம்” என்று ஒரே குரலாகச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் பலகையைப் பார்த்துக் கும்பிட்டு, கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்த அம்மா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “சார், நீங்க படிச்சீங்களா?” என்றார்.

“படிச்சேங்க மேடம். நிருதி லிங்கம்.”

பின்னாலிருந்து பச்சையம்மாளின் குரல் வந்தது. “இன்னாங்க, அதுல லிங்கம்னே போடலியே.” ஒவ்வோர் எழுத்தாகக் கையை நீட்டிப் படித்தாள். “கா… ல… ணி… க… ளை… இங்கே… வி… ட… வு… ம்.”

பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். பௌர்ணமிக் கூட்டத்துக்கு முன்னால் பெயிண்ட் அடிக்கப் பழைய பலகையைக் கழற்றி, அதே கம்பத்தில் இதை மாட்டியிருந்தார்களாம். அந்த அம்மா தன் செருப்பைக் கழற்றி அங்கே விட்டார். கிரிவலப் பாதை என்று வெறுங்காலோடு வந்த எனக்கு, விடுவதற்குச் செருப்புகூட இல்லை.

முனியம்மா அக்கா சாலையோரமாக உட்கார்ந்துவிட்டார். “அப்ப நான் இதுவரைக்கும் படிக்கவே இல்லியா தம்பி?”

இன்றைக்கும் அந்தக் கேள்வி காதில் இருக்கிறது.

எங்கே கற்றுக்கொண்டாய் என்று அந்த அம்மா பச்சையம்மாளைக் கேட்டார். மளிகைப் பொட்டலம் மடித்து வருகிற பேப்பரை அடுப்படியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எழுத்து அவரு சொல்லிக்குடுத்ததுதாங்க. பாக்கறது மட்டும் நானா பாத்தேன்.”

அந்த ஒரு சொல்லால் வகுப்பு பிழைத்தது. இனி இரண்டு பேருமாக நடத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலிலிருந்து தொடங்கினோம். பெரியவர்களுக்குத் தெரிந்ததை வைத்து ஆரம்பித்தது தப்பில்லை. அவர்கள் வாயில் ஏற்கெனவே இருந்ததைக் கேட்டுவிட்டு, நான் கொடுத்ததாக நினைத்துக்கொண்டதுதான் தப்பு. தட்டுத் தடுமாறி நின்றவளைத் திட்டினேன். உண்மையில் படித்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

எட்டு மாதம் கழித்து முனியம்மா அக்கா தன் கையால் மகளுக்கு ஒரு கார்டு எழுதினார். ‘இனி நானே படிப்பேன். எழுது.’ அவ்வளவுதான். பதில் வந்தபோது அவர் என் கடைப் பக்கம் வரவில்லை. மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, விளக்கு வைக்கும் வரைக்கும் படித்தார். மறுநாள் பெங்களூர் பஸ் ஏறினார். திரும்பும்போது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கடிதத்தில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

இன்றும் வீட்டில் நான் எதையாவது பார்க்காமல் பேசினால், “லிங்கமா, செருப்பா? பாத்துச் சொல்லுங்க” என்பாள் பச்சையம்மாள். என் மகன் இந்தக் கதையை வெளியில் சொல்லும்போது அப்பாவின் மரியாதையைக் காப்பாற்றுவதாக நினைத்து, பெண்கள் மட்டும் கும்பிட்டதாகவும் நான் திருத்தியதாகவும் சொல்கிறான். அது பொய். நீங்கள் யாருக்காவது சொல்வதாக இருந்தால் நடந்தபடியே சொல்லுங்கள். பலகையைப் படித்தவள் பச்சையம்மாள். கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர் வாத்தியார்.