சக்கரவர்த்தியின் குரலும் சண்டி பண்ணிய ஹார்ட் டிஸ்க்கும்

முட்டம்,
2009 அக்டோபர் 12.

பெங்களூர் மாநகரில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் குளிர்காற்று வாங்கிக்கொண்டு வீற்றிருக்கும் அருமை மருமகன் அனிஷுக்கு, உன் தாய்மாமன் ததேயுஸ் மனமார எழுதுவது. நானும் உன் மாமி செசிலியும் நலம். கடலும் நலம். உன் உடம்பும் வேலையும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

தாளில் எழுதுகிறானே என்று நினைக்காதே. மழையில் பிராட்பேண்ட் வயர் அறுந்து தென்னையில் ஊஞ்சலாடுகிறது. என் கைப்பேசியோ போன வியாழக்கிழமை உன்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அலையில் விழுந்துவிட்டது. நீ "மாமா, மாமா" என்று கூப்பிட்டது ஏதாவது ஒரு சுறாவுக்குக் கேட்டிருக்கும். ஆகவே விட்ட இடத்திலிருந்து சொல்லுகிறேன்.

விஷயம் உனக்குத் தெரியும். ஊர்த் திருவிழாவின் கடைசி இரவு நாடகம் என்னுடையது. இந்த வருடம் கமிட்டிக்காரர்கள் புத்தி மாறி, "ஞாயிற்றுக்கிழமைக்குள் முழு நாடகமும் அச்சடித்துக் கையில் வரவேண்டும், இல்லையென்றால் இன்னிசைக் கச்சேரிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம்" என்று சொல்லிவிட்டார்கள். மூன்று அங்கம், முப்பத்தாறு காட்சி, ஒரு சக்கரவர்த்தி, அவருக்கு மட்டும் ஆயிரம் வசனம். இதை அடித்து முடிக்க வேண்டிய வேளை பார்த்துத்தான் உன் கம்ப்யூட்டர் சண்டி பண்ணியது. வைரஸ் தொல்லை என்று நீதானே ஓணத்துக்கு வந்தபோது விண்டோசைத் துடைத்துவிட்டு, பழைய பெட்டிக்கு லினக்ஸ் என்று ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போனாய்? பிள்ளை மதம் மாறின மயக்கத்தில் இருக்கிறது என்று முதலில் பொறுத்துக்கொண்டேன். ஆனால் 'அடேய்' என்று அடித்தால் 'அ' இன்று வந்தது, 'டேய்' மறுநாள் வந்தது. ஒரு காட்சியைச் சேமிக்கச் சொல்லிவிட்டு நான் அடுத்த காட்சியைச் சொல்லிப் பார்க்க, செசிலி குளச்சலுக்குப் போய் மீன் வாங்கி வந்து, குழம்பு வைத்து, சாப்பிடக் கூப்பிட்டாள். அது இன்னும் சேமித்துக்கொண்டிருந்தது.

நீ போனில் சொன்னதை ஒன்றும் நான் விடவில்லை. கட்டளை அடிக்கிற கறுப்புச் சன்னலைத் திரையில் திறக்கச் சொன்னாய், திறந்தேன். எந்தக் கட்டளைக்கும் முன்னால் 'சூடோ' போடவேண்டும் என்றாய். எனக்குக் கேட்டது சூடு. மந்தமான மாட்டுக்குப் போடுவார்கள், சரி, கம்ப்யூட்டருக்கு எந்த இடத்தில் என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் என் பாலன்ஸ் தீர்ந்தது. பிறகு நீ எழுத்துக்கூட்டிச் சொல்ல, டிஸ்க்கின் வேகத்தை அளக்கிற ஹெச்-டி-பார்ம் என்ற கட்டளையை அடித்துவிட்டு, அது கணக்குப் போடும்வரை சும்மா இருப்பானேன் என்று ஒரு வசனத்தை விளித்துப் பார்த்தேன். டிஸ்க்கிலிருந்து வினாடிக்கு மூன்று எம்.பி. வருகிறது என்று காட்டியது. நான் பரவசப்பட்டேன். வினாடிக்கு மூன்று எம்.பி. வந்தால் ஒரு மணி நேரத்தில் டெல்லியே நிரம்பிவிடுமே! நீதான் "ஐம்பதுக்கு மேல வரணும் மாமா, டிஸ்க் சாகக் கெடக்கு" என்று குண்டைத் தூக்கிப் போட்டாய். நாடகம் முழுதும் அதற்குள்தானே இருக்கிறது!

உடனே பெட்டியைத் தூக்கித் தக்கலையில் ஸ்டெனியின் ரிப்பேர் கடைக்கு ஓடினேன். அங்கே அது அயிலை மீன் மாதிரித் துள்ளுகிறது! வயரை மாற்றினான், டிஸ்க்கின் ஆரோக்கியச் சோதனை நடத்தினான், எல்லாம் பாஸ். வீட்டுக்குக் கொண்டுவந்தால் பழைய ஆமை. மறுபடி தக்கலை, மறுபடி துள்ளல். மூன்றாவது முறை ஸ்டெனி கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணாச்சி, இஞ்ச வச்சா பறக்குது. நீரு வீட்டுல கொண்டுபோய் அதை என்னதான் செய்யுதீரு?"

"நான் என்னலே செய்ய? நாடகம் எழுதுதேன்."

"வேற ஆரையாவது எழுத விட்டுப் பாத்தீரா?"

இதைவிடப் பெரிய அவமானம் என்ன இருக்கிறது? ஆனால் உண்மை என்னவென்றால், செசிலி உட்கார்ந்து கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் படங்கள் சீட்டுக்கட்டு மாதிரிச் சரசரவென்று விழுகின்றன. நான் உட்கார்ந்தால் நிற்கிறது. இந்த லினக்ஸ் பெண்பிள்ளைகள் கட்சி என்று முடிவு செய்து, சாமியாரைக் கூப்பிட்டுப் பெட்டியை மந்திரிக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

சனிக்கிழமை ஸ்டெனியே பைக்கில் வீட்டுக்கு வந்தான். "நீரு எப்பவும் எழுதுற மாதிரியே எழுதும், நான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றான். நான் எழுதுகிற முறை உனக்குத் தெரியுமே. முப்பது வருடம் கடற்கரையில் மீன் ஏலம் விளித்தவன் நான். ஒரு சொல்லை வாயால் விளித்துப் பார்க்காமல் விரலுக்குக் கொடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதுவும் சக்கரவர்த்தி வசனம். எனவே நாடக செட்டின் மைக்கைக் கையில் பிடித்தேன். மைக்குக்கு உரிய சவுண்டு பாக்ஸ், ஆள் உயரம், நம் வீட்டில்தான் கிடக்கிறது. மழைக்குத் தரை நனைகிறதே என்று கம்ப்யூட்டர் பெட்டியை அதன் தலையில்தான் ஏற்றி வைத்திருக்கிறேன். ஸ்டெனி சொல்ல, செசிலி கறுப்புச் சன்னலில் அந்த ஹெச்-டி-பார்ம் கட்டளையைத் தட்டினாள். நான் மூச்சை இழுத்து, "அடேய் அற்பனே! என் கோபத்தில் ஏழு கடலும் கஞ்சியாகக் கொதிக்கும்!" என்றேன். முட்டம் கலங்கரை விளக்கமே ஒரு சுற்றுச் சுற்ற மறந்தது.

"இஞ்ச பாருங்க, மூணு," என்றாள் செசிலி. "இப்ப வாயை மூடுங்க."

மூடினேன். அவள் மறுபடி தட்டினாள்.

"அம்பத்தெட்டு. இப்ப கத்துங்க."

கத்தினேன்.

"நாலு. எக்க மாதாவே! இந்த மனுசன் கத்துறதுல அதுக்கு வெறையலும் நடுக்கமும் வந்து கெடக்கு!"

ஸ்டெனி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு விளக்கினான். டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்குமாம். அதன் மேல் மயிரிழை இடைவெளியில் ஒரு தலை மிதந்து எழுத்தைப் படிக்குமாம். பாக்ஸ் அதிர்ந்தால் தலை தடம் தவறும். தட்டு இன்னொரு சுற்று வரும்வரை காத்திருந்து மறுபடி படிக்கும். அதற்குள் நான் அடுத்த வசனத்தை விட்டிருப்பேன். ஆக, லினக்சும் குற்றமில்லை, டிஸ்க்கும் குற்றமில்லை. உன்னைத் திட்டியதையெல்லாம் இந்த வரியோடு வாபஸ் வாங்குகிறேன்.

பெட்டியை மட்டும் கீழே இறக்கினால் போதும் என்றான் ஸ்டெனி. செசிலி அதைக் கேட்க நிற்கவில்லை. இதற்காகவே பத்து வருடம் காத்திருந்தவள் போல ஆட்டோ பிடித்து, பாக்ஸையும் மைக்கையும் கோயில் ஸ்டோர் அறைக்கு அனுப்பிவிட்டாள். "சும்மா கத்தினாலும் அதுக்குத் தாங்கக் கெதியில்ல, மெள்ளப் பேசி எழுதுங்க" என்று உத்தரவு வேறு.

மருமகனே, அன்று மத்தியானமும் ராவும் நான் பட்ட பாட்டை எந்தப் புண்ணியவாளனும் பட்டிருக்க மாட்டான். கம்ப்யூட்டர் பறக்கிறது, சொல் வரவில்லை. முணுமுணுத்துப் பார்த்தால் சக்கரவர்த்தி "அடேய் அற்பனே" என்று சொல்ல மறுக்கிறார். "தம்பி, கொஞ்சம் இரி" என்கிறார். மந்திரியின் தலையை வெட்ட வேண்டிய இடத்தில் அவனுக்குக் காய்ச்சலா என்று கேட்கிறார். மகனை நாடு கடத்தும் காட்சியில் வாசல்வரை கூடவே போய், "சாப்பிட்டியா மக்கா?" என்று கேட்டுவிட்டு நிற்கிறார். அதை அடித்துவிட்டு நானே எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நேரம் இருந்தால் மாற்றியிருப்பேன். இல்லை. நேற்று பூசை முடிந்ததும் அப்படியே அச்செடுத்துக் கமிட்டி கையில் கொடுத்துவிட்டேன்.

அவர்கள் முகம் சுளித்தாலும் நான் விடமாட்டேன். மேடையில் ஏறி என் சொந்தக் குரலில் அந்தச் சக்கரவர்த்தியை ஒரு உலுக்கு உலுக்கி நிமிர்த்திவிடுவேன். வழக்கம்போலச் சக்கரவர்த்தி நான்தான். ஆகவே நீ லீவு போட்டு வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். வராவிட்டால் நாடகத்தைத் திரும்ப உன் ஆபீஸ் வாசலில் போடுவேன்.

உனக்கு ஆயுசும் ஆரோக்கியமும், சீக்கிரமே ஒரு நல்ல பெண்ணும் அமைய மாதா துணை. செசிலி மாமி முத்தம் அனுப்புகிறாள்.

உன் மாமன்,
ததேயுஸ்

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் கமிட்டியிலிருந்து ஆள் வந்தது. நாடகம் பாஸ். வாசல் காட்சியை வாசிக்கையில் தலைவர் கண்ணைத் துடைத்தாராம். இத்தனை வருடத்தில் இந்த முறைதான் கதை புரிந்தது என்று சாமியார் சொன்னாராம். கச்சேரி ரத்து. ஆனால் இப்பேர்ப்பட்ட சக்கரவர்த்திக்குத் தணிந்த குரல் வேண்டுமென்று அந்தப் பாகத்தை, கோயிலில் மெள்ள வாசகம் படிக்கிற மரியஜானுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்குத் திரைக்குப் பின்னால் நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கிற வேலை. அதுவும் காதோடு. ஆகவே முன்வரிசையில் உட்கார்ந்தாலும் நீ என்னைப் பார்க்கவும் முடியாது, கேட்கவும் கூடாது. ஆனாலும் வந்துவிடு மக்கா. நாடகம் நல்லாத்தான் இருக்கு.