நூற்று இருபது செங்கல் ஏற்றிய யூட்

நான் வாழ்க்கையில் நாலு வேலையை விட்டிருக்கிறேன். நாலும் கோபத்தில் விட்டவை. எதைப் பற்றியும் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் முதலாவதை விட்ட கையோடு நான் செய்த கூத்தை நினைத்தால், இந்த வயதிலும் காது சுடுகிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் சிட்னிக்கு வந்து ஒன்றரை வருடம். லிட்கம்மில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். ஒருநாள் மேற்பார்வையாளன் வந்து, நான் ஸ்பானர் பிடிக்கிற விதம் பிழை என்றான். அந்த ஸ்பானரை அவன் எங்கே செருகிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டில் மனைவி மனோன்மணி ஐந்து மாதக் கர்ப்பிணி. விஷயத்தைச் சொன்னேன். அவள் குசினிக்குள் போய், ஒரு பானையைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு வைத்தாள்.

என்னிடம் இருந்த ஒரே சொத்து ஒரு பழைய யூட். (முன்னுக்கு மூன்று பேர் இருக்கலாம், பின்னுக்குத் திறந்த தட்டு. ஊரில் பிக்கப் என்போம்.) அந்தக் காலத்தில் சிட்னியில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் இருபது வந்தால் பெரிய காரியம். அத்தனை பேருக்கும் இருந்த யூட் என்னுடையது ஒன்றுதான். யார் வீடு மாறினாலும் கட்டிலும் மெத்தையும் அதில்தான் போகும். கட்டிலுக்கு மேல் வீட்டுக்காரரும் போவார்.

அந்த யூட்டை வைத்தே பிழைக்க வழி வந்தது. தெரு திருத்தும் ஒப்பந்தக்காரர் ஒருவர், நோர்ம் என்று பெயர், கம்ப்ரசர் இழுக்க ஆள் தேடினார். கம்ப்ரசர் என்றால் சில்லுப் பூட்டிய பெரிய காற்று இயந்திரம். அதை யூட்டின் பின்னால் கொளுவி வேலை நடக்கிற இடத்துக்கு இழுத்துப் போகவேண்டும்.

"திங்கள் காலை ஏழு மணி, மெரிலேண்ட்ஸ். ஆனால் உன் பதிவுப் பத்திரத்தில் ஒரு தொன் இழுக்கலாம் என்று எழுதியிருக்க வேண்டும். போன ஆளிடம் அது இல்லை. பொலிஸ் என்னைப் பிடித்தது. பத்திரம் இல்லாமல் வராதே" என்றார்.

என் பத்திரத்தில் இழுவை என்ற பேச்சே இல்லை. வண்டியின் பாரத்தைப் புதிதாக நிறுத்து, அந்த நிறைச் சீட்டை வாகனப் பதிவுக் கந்தோரில் கொடுத்தால், அதைப் பார்த்து எவ்வளவு இழுக்கலாம் என்று எழுதுவார்கள். எனக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை ஒன்றுதான்.

வண்டியை ஏன் நிறுக்கிறார்கள்? நாலு பேரிடம் கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். உழவு மெஷினுக்கு இழுவை காணாவிட்டால் இரும்புப் பாரத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆகவே, பாரம் கூடிய வண்டி கூட இழுக்கும். ஆகவே, சீட்டில் பாரம் எவ்வளவு கூட விழுகிறதோ அவ்வளவுக்கு நல்லது. (ஃபிட்டர் மூளை!)

வெள்ளி காலை, அந்த இருபது குடும்பத்தில் ஒருவரான கந்தையா அண்ணை லீவு போட்டுவிட்டு, கோட்டும் டையுமாக வந்தார். தபால் கந்தோரில் வேலை. கந்தோர்களில் அவர்தான் எனக்காகப் பேசுவார். நான் பேசினால் மூன்றாவது வசனத்தில் குரல் ஏறிவிடும். மனோன்மணியும் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். வாசலில் நின்று எண்ணிப் பார்த்தாள்.

"மூண்டு பேராய் ஒரு காரியத்துக்குப் போறதே? நான் வரமாட்டன்."

"அப்ப நில்லும்."

"நான் நிண்டா நீங்கள் அங்க சண்டை பிடிப்பியள். ஒரு கல்லை எண்டாலும் எடுப்பம், நாலாவது ஆளாய்."

மூன்று பேராகப் புறப்பட்டால் காரியம் கெடும், கையில் ஒரு கல் இருந்தால் அது நாலாவது ஆள் என்று கணக்கு. நான் கத்தினேன். அவள் கேட்கவில்லை. குனிந்து, தேசிக்காய் அளவில் ஒரு கல்லைப் பொறுக்கிக் கைப்பைக்குள் போட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வீட்டை வாடகைக்குத் தந்தவன் பின்வளவில் செங்கல் அடுக்கி வைத்திருந்தான்.

"அண்ணை, கோட்டைக் கழட்டுங்கோ. ஒரு கல்லென்ன, நூறு ஏத்துவம்."

"தம்பி, இது சரிவருமே?"

"நீங்கள் தபால் கந்தோர். இது மெக்கானிக்கல்."

"ஓம், ஓம், மெக்கானிக்கல்" என்று அவர் கோட்டைக் கழற்றிவிட்டுக் கல் எடுத்துத் தந்தார். நூற்று இருபது. எண்ணித்தான் ஏற்றினேன். கல் தெரியாதபடி மேலே படங்கை இழுத்துக் கட்டினேன்.

நிறுக்கும் இடத்தில் அரைக்காற்சட்டையும் முழங்கால்வரை இழுத்துவிட்ட வெள்ளை மேசுமாக ஒருவர் நின்றார். எங்கள் மூவரையும் இறங்கச் சொன்னார்.

"வண்டி வெறுமைதானே?"

"வெறுமை" என்றேன். கந்தையா அண்ணை வானத்தைப் பார்த்தார்.

நிறுப்பவர் வண்டியின் தாழ்ந்துபோயிருந்த பின்பக்கத்தைப் பார்த்தார். "உன் ஸ்பிரிங் களைத்துப் போச்சு, நண்பா" என்று சொல்லிவிட்டுச் சீட்டை அடித்துத் தந்தார். அந்த எண்ணைப் பார்த்து எனக்கு மனம் குளிர்ந்தது. பரீட்சையில்கூட எனக்கு அப்படி ஒரு எண் விழுந்ததில்லை.

பதிவுக் கந்தோரில், சங்கிலியில் கண்ணாடி தொங்கவிட்ட ஒரு அம்மா சீட்டை வாங்கினார். ஒரு புத்தகத்தைப் பார்த்தார். பென்சிலால் கழித்தார்.

"பதின்மூன்று அந்தர் சொச்சம் இழுக்கலாம்" என்றார். ஒரு தொன்னுக்கு இருபது அந்தர் வேண்டும்.

"பிழை!" என்றேன். கந்தோர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "பாரமான வண்டி! கூட இழுக்க வேண்டும்!"

அந்த அம்மா சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். யூட்டும் அது இழுப்பதும் சேர்த்து இவ்வளவுதான் என்று ஒரு எல்லை இருக்கிறது. அதில் யூட்டின் பாரத்தைக் கழித்தால் மிச்சம்தான் இழுவை. யூட் பாரமாக இருந்தால் மிச்சம் குறையும். "உங்களுடையது அதிசயமான பாரம். நான் இப்படிப் பார்த்ததே இல்லை" என்றார்.

கந்தையா அண்ணை என் காதுக்குள், "தம்பி, கல்லைச் சொல்லு" என்றார்.

"எப்படிச் சொல்லுறது? பொய்ச்சீட்டு எண்டு பிடிச்சுக் குடுத்தா?"

"திங்கக்கிழமை அந்த மனுசனிட்ட என்னத்தைக் காட்டுவாய்?"

மனோன்மணிக்கு 'கல்' என்ற சொல் மட்டும் கேட்டது. கைப்பையைத் திறந்து, தன் கல்லை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது என்ன?" என்றார் அந்த அம்மா.

கந்தையா அண்ணை டையைச் சரிசெய்தார். "மேடம், இவர் எங்களோடு வந்த நாலாவது ஆள்" என்றார். "மற்றவர்கள் நூற்று இருபது பேரும் வெளியே வண்டியில் இருக்கிறார்கள்."

பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். குரல் ஏறவில்லை. அந்த அம்மா சிரிக்கவில்லை. பின்னால் இருந்த மூன்று பேர் அவருக்கும் சேர்த்துச் சிரித்தார்கள். "மூன்றரைக்குப் பூட்டுவோம். வெறும் வண்டியை நிறுத்துக்கொண்டு வாருங்கள்" என்றார்.

திரும்பிப் போனபோது நிறுப்பவர் சாப்பாட்டுக்குப் பூட்டியிருந்தார். வேலியோரம் நூற்று இருபதையும் இறக்கினோம். இறக்கி முடித்து அதன் மேலேயே இருந்தோம். குளிர்கால வெயில் முதுகில் இதமாக விழுந்தது. மனோன்மணி பார்சலை அவிழ்த்தாள். புட்டும் பொரித்த மீனும் சம்பலும். மிளகாய்த்தூள் யாரோ ஊரிலிருந்து சூட்கேசில் கொண்டுவந்து, வீட்டுக்கு ஒரு போத்தலாகப் பிரித்தது. நிறுப்பவர் தன் சாண்ட்விச்சோடு வந்து கற்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ ஸ்பிரிங்குக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி, அவரும் ஒரு ஓரத்தில் இருந்தார். மனோன்மணி அவருக்கும் புட்டு கொடுத்தாள். முகம் சிவந்து, மூக்கால் வடிந்து, மறுபடி கையை நீட்டினார்.

அந்த வயதில் அதை அவமானம் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். கந்தையா அண்ணை இன்று இல்லை. இப்போது யாராவது என் வாழ்க்கையில் ஒரு மத்தியானத்தைத் திருப்பித் தருகிறேன் என்றால், அதைத்தான் கேட்பேன்.

மூன்று இருபதுக்குப் புதுச் சீட்டோடு கந்தோர் வாசலில் நின்றோம். இழுவை ஒரு தொன்னும் கொஞ்சமும் வந்தது. ஆனால் அந்த அம்மா நேர்மையான மனுசி. பத்திரத்தின் அடியில் மையால் ஒரு வரி எழுதி முத்திரை குத்தினார்: 'செங்கல் இறக்கியபின் மீண்டும் நிறுக்கப்பட்டது.'

திங்கள் காலை நோர்ம் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார்.

"என்ன செங்கல்?"

போச்சு என்று நினைத்தேன். கள்ளனிடம் எவன் கம்ப்ரசரைக் கொடுப்பான்? எப்படியும் போகப் போகிறது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எத்தனை தரம் தூக்கினாய்?"

"ஏற்றினேன், இறக்கினேன். சனிக்கிழமை திரும்ப ஏற்றி வீட்டில் இறக்கினேன். நாலு தரம்."

"ஒரு பொய்க்காக நூற்று இருபது கல்லை நாலு தரம் தூக்கியவன் சோம்பேறியாக இருக்க மாட்டான். கொளுவு, போவோம்" என்றார்.

பதினொரு வருடம் அவரோடு இருந்தேன். (அதையும் கோபத்தில்தான் விட்டேன். அது வேறு கதை.)

புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் மனோன்மணி இதைச் சொல்லாமல் தேத்தண்ணி கொடுப்பதில்லை. சொல்லச் சொல்லக் கல் கூடுகிறது. மூத்தவளின் கல்யாணத்தில் முந்நூறு என்றாள். போன மாதம் குவேக்கர்ஸ் ஹில்லில் பேரனின் பிறந்தநாளில் அது ஆயிரம் ஆகியது. எனக்குப் பொறுக்கவில்லை. கதிரையை விட்டு எழும்பிக் கத்தினேன்.

"ஆயிரம் கல் மூண்டு தொன்! அந்த வண்டி அச்சு முறிஞ்சு நடுரோட்டில படுத்திருக்கும்!"

அவள் தட்டில் கேக் வெட்டி வைத்துக்கொண்டே வந்தவர்களிடம் சொன்னாள்:

"பாத்தியளே, இப்ப என்ன வடிவாய் நிறுக்கிறார்."